குறைந்த செலவில் ஸ்கோப் மவுண்ட்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியூசிலாந்தில் ஹமில்டன் பக்கம் இருக்கும் அவருடைய அத்தான், மான் வேட்டைக்கென்று .308 அளவில் ஒரு பழைய றெமிங்டன் 700 துவக்கு வாங்கியிருக்கிறார். ஒரு அங்குலக் குழாய் உள்ள 3-9×40 ஸ்கோப்பும் (மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்கண்ணாடி 40 மி.மீ. உள்ள தொலைநோக்கி) வாங்கியாயிற்று. கையில் இருந்த காசு அதோடு முடிந்துவிட்டது. ஸ்கோப்பைத் துவக்கின் மேல் பிடித்து வைக்கும் மவுண்ட் ஒன்லைனில் பத்துப் பதினைந்து டொலருக்கும் இருக்கிறது, கடையில் நூற்றுக்கு மேலும் இருக்கிறது. இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம், மலிவாக எதை நம்பி வாங்கலாம், விடுமுறைக்குப் போகும்போது நானே இங்கிருந்து பரிசாகக் கொண்டுபோகலாமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். துவக்கு சம்பந்தப்பட்ட ஒரு பொருளைக் கொழும்புக்கு வரவழைத்து, அது சுங்கத்தில் நின்றுவிட்டால் விளக்கம் சொல்லப் போவது நீங்கள்தான். நியூசிலாந்தில் மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மிருகம். காட்டை அழிக்கிறது என்று அரசாங்கமே வேட்டையை ஊக்குவிக்கிறது, பொதுக் காடுகளில் வேட்டையாட இலவசமாக அனுமதி கொடுக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் மவுண்ட் கிடைக்காத ஊர் குறைவு. அளவு பிழைத்தால் கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளவும் முடியும். பரிசு கொடுக்க ஆசையாக இருந்தால் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அது என்ன கருவி என்று பின்னால் சொல்கிறேன்.

நான் பிழைப்புக்குச் செய்வது நில அளவைக் கருவிகளைத் திருத்தும் வேலை. நியூசிலாந்தில் இருந்த காலத்தில் வார இறுதிகளில் நண்பர்களின் துவக்குகளுக்கு ஸ்கோப் ஏற்றிக் கொடுப்பதுண்டு. லெவல் கருவியும் வேட்டை ஸ்கோப்பும் இந்த விஷயத்தில் ஒரே சாதி. கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது உட்கார்ந்திருக்கும் இடம் அசைந்தால் எல்லாம் வீண்.

எவ்வளவு அசைவு என்று கணக்குப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு ரிங்குகளுக்கும் இடையில் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் இருக்கும். அதில் ஒரு ரிங் 0.1 மி.மீ., அதாவது சாதாரணத் தாள் ஒன்றின் தடிப்பு அளவுக்கு நகர்ந்தால், 100 மீற்றர் தூரத்தில் குண்டு 10 சென்ரிமீற்றர் விலகிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் பெரிதுதான், ஆனாலும் 200 மீற்றருக்குப் போனால் அது 20 சென்ரிமீற்றர். காயப்பட்ட மான் புதருக்குள் ஓடி மறைவதற்கு அது போதும்.

அசைய வைக்கும் விசையும் சின்னதல்ல. .308 இல் பத்து கிராமுக்குச் சற்றுக் குறைந்த குண்டு வினாடிக்கு 850 மீற்றர் அளவு வேகத்தில் வெளியேறுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அந்த நேரத்துக்குள் மூன்றரைக் கிலோ துவக்கு பின்னால் பாய்கிறது, 400 கிராம் ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு வெடிக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூக்களும் ரிங்குகளின் பிடியும் எண்பது கிலோ பாரத்தைப் போன்ற ஒரு இழுப்பைத் தாங்குகின்றன. இது சராசரிதான், உச்சம் இதைவிடக் கூடும்.

பத்து டொலர் ரிங் தோற்பது இங்கேதான். அவற்றில் பல, மென்மையான அலுமினியத்திலோ நாக வார்ப்பிலோ செய்தவை. ரிங்கின் உட்புறம் சரியான வட்டமாக இருக்காது. ஸ்க்ரூத் தலை சாவியைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பினாலே மழுங்கிவிடும். கறுப்புப் பூச்சு மட்டும் அழகாக இருக்கும். அதற்காக நூற்றைம்பது டொலர் ரிங்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலை கூடக் கூட நீங்கள் பெரும்பாலும் வாங்குவது வசதியை: கழற்றிப் பூட்டும் நெம்பு, மிகத் தூரச் சூட்டுக்கான சரிவு, எடைக் குறைப்பு, பெயர். வேட்டைக்காரருக்கு வேண்டிய பிடிமானம் நடு விலையிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது.

என் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: மூட்டுகளை எண்ணுங்கள். துவக்கின் உடலுக்கும் அதன்மேல் ஸ்க்ரூவால் பூட்டும் அடித்துண்டான பேஸுக்கும் நடுவே ஒரு மூட்டு, பேஸுக்கும் ரிங்குக்கும் நடுவே இன்னொன்று, ரிங்குக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்றாவது. ஒவ்வொரு மூட்டும் கழரக்கூடிய, கோணக்கூடிய இடம். காசும் அங்கேதான் போகிறது. ஒரு மூட்டைக் குறைத்தால் செலவும் குறையும், நம்பிக்கையும் கூடும்.

சில துவக்குகளில் தொழிற்சாலையே இந்த வேலையைச் செய்து தந்துவிடும். டிக்கா டி3 உடலின் மேலேயே 17 மி.மீ. டவ்டெயில் (ரிங் கவ்விக்கொள்ளும் சரிந்த விளிம்பு) வெட்டப்பட்டிருக்கிறது, அதற்கேற்ற ரிங்கை நேரே பூட்டலாம். ரூகர் எம்77 வகையில் ரிங் உட்காரும் பள்ளம் உடலிலேயே உண்டு. புதிதாக வாங்கினால் ரிங்கும் பெட்டியோடு வரும். சீஸெட் 550க்கு 19 மி.மீ., சீஸெட் 527க்கு 16 மி.மீ. என்று டவ்டெயில் அளவே வேறு. பழைய துவக்கு வாங்குகிறவர்கள் முதலில் விற்றவரிடம் 'பெட்டியோடு வந்த ரிங் இருக்கிறதா' என்று கேட்க வேண்டும். மூலையில் கிடக்கும் அந்த ரிங் பல நேரம் கடையில் இருப்பதைவிட நல்லது.

அத்தானின் றெமிங்டன் 700 இல் அந்த வசதி இல்லை. மேலே நான்கு துளைகள், 6-48 என்ற மெல்லிய புரி. ஆகவே பேஸ் வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் துவக்கின் முன்பக்க மேடையும் பின்பக்க மேடையும் ஒரே உயரம் அல்ல, பின்பக்கம் தாழ்வு. அதனால் முன் பேஸும் பின் பேஸும் வெவ்வேறு தடிப்பில் வரும். பழைய பொருளாக வாங்கும்போது இரண்டும் முன் பேஸாகவோ, வேறு துவக்கின் பேஸ் ஒன்று கலந்தோ கைக்கு வந்துவிடும். பூட்டிய பிறகு இரண்டின் மேலும் ஒரு நேரான உருக்கு அளவுகோலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பேஸுக்குப் பதிலாக ஒரே நீளப் பட்டையாக வரும் ஒற்றைத் துண்டு ரெயில் வாங்குவதானால் .308 குட்டை அக்ஷன் (தோட்டா ஏற்றும் உடற்பகுதி), .30-06 நீளமான அக்ஷன் என்பதையும் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும், துளை இடைவெளி மாறும். பெயரை மட்டும் நம்பி வாங்கக்கூடாது என்பதற்கு சாவேஜ் 110 நல்ல உதாரணம். பழையதின் பின்மேடை தட்டை, புதியதின் பின்மேடை உருண்டை. பெயர் அதேதான், பேஸ் மட்டும் பொருந்தாது.

அவருக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு.

ஆக மலிவு, இரண்டு துண்டு வீவர் பேஸும் அதற்குப் பொருந்தும் ரிங்கும். வீவர் என்பவர் 1930களில் அமெரிக்காவில் சாதாரண மனிதர் வாங்கும் விலைக்கு ஸ்கோப் செய்து விற்றவர், அவர் பெயரில் வந்த பேஸ் இன்றும் ஓடுகிறது. பேஸை உருக்கில் எடுக்கச் சொல்லுங்கள், விலை வித்தியாசம் சின்னது. ரிங் அலுமினியத்தில் இருந்தால் போதும். லூபோல்ட் ரைஃபிள்மேன் ரிங் இந்த விலைக் கட்டத்தில் என் முதல் தெரிவு. வீவரின் சொந்த ரிங்கும் பிடிக்கும், ஆனால் பழைய பாணி ரிங்கில் இறுக்கும்போது ஸ்கோப் ஒரு பக்கமாக உருளும், குறுக்குக் கோட்டை நேராக வைக்கப் பொறுமை வேண்டும்.

இரண்டாவது, பேஸும் கீழ் ரிங்கும் ஒரே துண்டாக வரும் மவுண்ட். டெலி கொம்பனியின் இலேசான அலுமினிய மவுண்ட் இந்த வகை. சாதாரண ரிங் ஜோடியைவிட இரண்டு மூன்று மடங்கு விலை என்று பயப்பட வேண்டாம், அதில் பேஸின் விலையும் அடக்கம். மூன்று மூட்டு இரண்டாகிறது, எடையும் குறைகிறது. மலையேறி இறங்குகிறவருக்கு அது பெரிய விஷயம். கையில் கொஞ்சம் இடம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, மேலே வரிசையாகக் குறுக்குப் பள்ளம் வெட்டிய ஒற்றைத் துண்டு பிக்காட்டினி ரெயிலும் ரிங்கும். ஈஜீடபிள்யூ என்ற பெயரில் வரும் அலுமினிய ரெயில் மலிவானது, நேர்த்தியாகவும் இருக்கும். ரிங்கை முன்னே பின்னே நகர்த்த நிறையப் பள்ளம் உண்டு. குறை என்னவென்றால், தோட்டா போடும் வாயின் மேலே ரெயில் பாலம் போல ஓடும். மேலிருந்து விரலால் தோட்டா போடும் றெமிங்டனில் குளிர்ந்த கையோடு அது எரிச்சல் தரும். 20 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) சரிவுள்ள ரெயிலை இதற்கு வாங்க வேண்டாம். அது ஆயிரம் மீற்றர் சுடுகிறவர்களுக்கு. புதருக்குள் 80 மீற்றரில் மான் பார்க்கிறவருக்கு ஒரு பயனும் இல்லை.

வீவரும் பிக்காட்டினியும் பார்வைக்கு ஒன்று, ஆனால் பள்ளத்தின் அகலம் வேறு: வீவரில் 4.6 மி.மீ. அளவு, பிக்காட்டினியில் 5.2 மி.மீ. வீவர் ரிங் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும், பிக்காட்டினி ரிங்கின் தடித்த குறுக்குத்தண்டு வீவர் பள்ளத்துக்குள் இறங்காது. உட்காரும்போதும் பள்ளத்தில் சிறிய இடைவெளி இருக்குமல்லவா, ரிங்கை முன்பக்கமாக, குழல் வாயை நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். வெடிக்கும்போது துவக்கு பின்னால் ஓட, ஸ்கோப் முன்னால் போகப் பார்க்கும். ஏற்கெனவே முன்சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் நகர இடமில்லை.

முன் ரிங்கைத் திருகி உட்கார வைத்து, பின்னால் இரண்டு பக்கத் திருகாணியால் பிடிக்கும் ஒரு பழைய முறையும் கடைகளில் இருக்கிறது. பழைய ஸ்கோப்புகளில் கோட்டை நகர்த்தினால் அது பார்வையின் நடுவிலிருந்தே விலகிவிடும், அதற்காகப் பேஸிலேயே இட வலத் திருத்தம் வைத்தார்கள். இன்றைய ஸ்கோப்புக்கு அது தேவையில்லை. மவுண்டுக்குக் கீழே துளை வைத்து இரும்புக் குறியையும் பார்க்கலாம் என்று விற்கும் உயரமான மவுண்டை யாராவது சும்மா தந்தாலும் வாங்க வேண்டாம்.

உயரம் பற்றி. 40 மி.மீ. கண்ணாடி என்றால் முன்கிண்ணத்தின் வெளி அகலம் 47 மி.மீ. அளவு வரும். அதில் பாதி 23.5. குழலின் மேற்பரப்பிலிருந்து ஸ்கோப்பின் நடுக்கோடு அதைவிட இரண்டு மூன்று மி.மீ. உயரமாக இருந்தால் போதும். தாழ்வாக இருப்பது நல்லது, கன்னம் கட்டையில் படிந்தபடி கண் தானாகக் கோட்டில் வரும். 'லோ', 'மீடியம்' என்ற பெயரை நம்பக்கூடாது, கொம்பனிக்குக் கொம்பனி வேறு. இலக்கத்தையும் அப்படியே நம்ப முடியாது. சிலர் பேஸின் மேலிருந்து குழாயின் நடுவரை அளக்கிறார்கள், சிலர் குழாயின் அடிவரை மட்டும். ஒரு அங்குலக் குழாயில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 12.7 மி.மீ. 'உயரம் பிழைத்துவிட்டது' என்று திருப்பி அனுப்பப்படும் ரிங்குகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வந்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்டைத் தூக்கும்போது அதன் கைப்பிடி ஸ்கோப்பின் கண்பக்கத்தில் தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பூட்டும் வேலைக்கு வருவோம். வாங்குவதைவிட இதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும், நல்ல மவுண்டைக் கெடுப்பதும் சுமாரான மவுண்டைக் காப்பாற்றுவதும் இங்கேதான். துவக்கில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். துளையிலும் ஸ்க்ரூவிலும் இருக்கும் எண்ணெயை ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பேஸ் ஸ்க்ரூவுக்கு, கழராமல் பிடிக்கும் பசையான நீல நிற லொக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. ரிங்கின் மேல்மூடி ஸ்க்ரூக்களுக்கு ஒன்றும் போடாமல் விடுவதே நல்லது. எண்ணெய்ப் பசையோடு இறுக்கினால் அதே திருப்பு விசைக்கு ஸ்க்ரூ இன்னும் ஆழமாக இழுபட்டு, ஸ்கோப் குழாய் நசுங்கும்.

ஒவ்வொரு பேஸ் ஸ்க்ரூவும் போட்டவுடன் போல்டை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். முன் பேஸின் ஸ்க்ரூ நீளம் கூடிவிட்டால் அது உள்ளே போல்டின் பூட்டுக் காதில் தட்டும். பெட்டியில் இரண்டு நீள ஸ்க்ரூ கலந்து வருவது வழமை, இடம் மாறிப் போட்டுவிட்டு 'துவக்கு இறுகுது' என்று கடைக்கு ஓடியவர்களைக் கண்டிருக்கிறேன்.

திருப்பு விசை: பேஸ் ஸ்க்ரூவுக்கும் ரிங் மூடிக்கும் பொதுவாக 15 தொடக்கம் 20 அங்குல-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீற்றர். குறுக்குத்தண்டுக்கு இதைவிடக் கூட, அது மவுண்டுக்கு மவுண்ட் மாறும், பெட்டியில் போட்டிருப்பதே சரி. நான் முதலில் சொன்ன பரிசு இதுதான்: இந்தச் சின்ன அளவைக் காட்டும் டோர்க் ஸ்க்ரூட்ரைவர். பஞ்சிகாவத்தையில் வாகன டோர்க் ரெஞ்ச் எத்தனையோ கிடக்கும், அது வேலைக்கு ஆகாது. சில்லு நட்டுக்கு நூறு நியூட்டன் மீற்றர் பிடிக்கும் கருவி இந்த ஸ்க்ரூவை முறித்துக் கையில் தந்துவிடும். பழைய சோனகத் தெருக் கருவிக் கடைகளிலோ சைக்கிள் சாமான் விற்பவர்களிடமோ 2 நியூட்டன் மீற்றரிலோ அதற்குக் கீழோ தொடங்கும் சின்ன ரெஞ்ச் இருக்கிறதா என்று விசாரியுங்கள், கூடவே டி-15 டோர்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவ முனை) ஒன்று. கருவி இல்லாவிட்டால் எல்-சாவியின் நீளக்காலை ஸ்க்ரூவில் வைத்து, குட்டைக்காலை இரண்டு விரலால் மட்டும் திருப்பினால் அளவு ஓரளவு சரிவரும்.

ரிங் மூடியின் இரண்டு பக்க இடைவெளியும் ஒரே அளவாக வரும்படி, குறுக்கு மறுக்காக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன்னால் ஆக உயர்ந்த மடங்கில் வைத்து, வேட்டைக்குப் போடும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் துவக்கைத் தோளில் பிடித்துக் கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் தெரிய வேண்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9 சென்ரிமீற்றர் அளவு வரும். அதைவிடக் கிட்ட வைத்தால் வெடிக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தைப் பிளக்கும். இரண்டு துண்டு பேஸில் சில குட்டை ஸ்கோப்புகள் வேண்டிய தூரத்துக்கு வராது, குழாயின் நேர்ப்பகுதி போதாமல் நிற்கும். வாங்குமுன் அந்த நேர்ப்பகுதியின் நீளத்தை அளந்து, இரண்டு பேஸுக்கும் இடையிலான தூரத்தோடு ஒப்பிட்டால் தலைவலி இல்லை.

ரிங்கின் உட்புறத்தைத் தேய்த்து நேராக்கும் 'லாப்பிங்' பற்றிச் சிலர் பெரிதாகப் பேசுவார்கள். கோணல் இருந்தால் அது உதவும்தான். ஆனால் அந்தக் கருவித் தொகுதியின் விலைக்கு நல்ல ரிங்கே வாங்கிவிடலாம். பர்ரிஸ் சிக்னேச்சர் ரிங்கில் உள்ளே உருளும் பிளாஸ்டிக் வளையம் உண்டு, சிறிய கோணலை அது தானே ஏற்றுக்கொள்ளும், குழாயில் கீறலும் விழாது. பழைய துவக்கின் துளைகள் கொஞ்சம் விலகியிருந்தால் நான் நேரே அதற்குத்தான் போவேன். ஸ்கோப்பின் இட வலத் திருத்தம் முடியும்வரை திருப்பியும் குண்டு நடுவுக்கு வரவில்லை என்றால், காசு செலவழிக்குமுன் பின் ரிங்கைக் கழற்றி முன்னுக்கும், முன்னதைப் பின்னுக்கும் போட்டோ, ஒன்றை மட்டும் மறுபக்கம் திருப்பியோ பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் கோணல் கோணலோடு கழிந்துவிடும்.

எல்லாம் இறுக்கிய பிறகு ரிங் ஓரத்தில் குழாயின் மேலே நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு. முதல் இருபது தோட்டாவுக்குப் பிறகு கோடு உடைந்திருந்தால் குழாய் வழுக்குகிறது. 25 மீற்றரில் தொடங்கி, பிறகு 100 மீற்றருக்குப் போனால் தோட்டாவும் மிச்சம்.

அப்புறம், இங்கே சிலர் எயார் ரைஃபிளுக்கு எந்த மவுண்ட் என்று கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 10 மீற்றர் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை, துளைக்குறிதான். ஸ்பிரிங் வகை எயார் ரைஃபிளில் அதிர்வு முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் போகும், 11 மி.மீ. டவ்டெயிலில் ரிங் மெல்ல மெல்லப் பின்னால் ஊர்ந்துவிடும். தடுப்பு ஊசி உள்ள மவுண்ட் இல்லாமல் அதில் ஸ்கோப் ஏற்ற வேண்டாம். .308 இன் உதையைத் தாங்கும் ஸ்கோப் சில, அந்தச் சின்னத் துவக்கில் உள்ளே உடைந்துபோவதுண்டு.

அத்தானிடம் நான்கு விஷயம் கேட்டு எழுதுங்கள்: துவக்கின் மேல் ஏற்கெனவே பேஸ் இருக்கிறதா, இருந்தால் அதில் என்ன இலக்கம் பொறித்திருக்கிறது, ஸ்கோப் முன்கிண்ணத்தின் வெளி அகலம், குழாயின் நேர்ப்பகுதி நீளம், மலையிலா புதருக்குள்ளா வேட்டை. பேஸ் நல்ல நிலையில் இருந்தால் ஒரு ஜோடி ரைஃபிள்மேன் ரிங்கோடு செலவு முடிந்துவிடும்.